திரைக்குள் ஓடியவர்கள் – 14: மேகத்தில் ஒரு கேமராமேன்

சென்ற அத்தியாயத்தை 1994 டிசம்பரில் நிறுத்தியிருந்தோம். சோனியின் பிளேஸ்டேஷன் ஜப்பானியக் கடைகளுக்கு வந்துவிட்டது. பாலிகன் என்கிற சின்னச் சின்ன முக்கோணச் சில்லுகளை ஒட்டி உருவம் செய்யும் வித்தை வீட்டு டி.வி.க்குள் நுழைந்துவிட்டது. இனி எல்லா கேமும் முப்பரிமாணம்தான் என்று தொழிலில் இருந்த அத்தனை பேரும் பேசத் தொடங்கினார்கள். பேசுவது சுலபமாக இருந்தது. கையில் கன்ட்ரோலரைப் பிடித்தவர்கள்தான் திண்டாடிப் போனார்கள்.

90களில் நம் வீடுகளில் மஞ்சள் கேட்ரிட்ஜைச் செருகி ஆடிய பழைய மாரியோவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இடமிருந்து வலமாக ஓடுவார். குழி எவ்வளவு அகலம், எதிரி எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கட்டைவிரல் அதற்கேற்ப அழுத்தும். திரையில் ஆழம் என்று ஒன்று சேர்ந்ததும் இந்த நிச்சயம் போய்விட்டது. எதிரே இருக்கும் மேடை பக்கத்தில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா? நாயகனுக்குப் பின்னால் சுவர் வந்தால் அவனை எங்கிருந்து பார்ப்பது? 'மேலே' என்ற பட்டனை அழுத்தினால் அவன் முகம் இருக்கும் திசையில் போவதா, திரைக்கு உள்நோக்கிப் போவதா? படம் வரைவதற்குக் கணினிச் சில்லு தயாராகிவிட்டது. பார்க்கும் கண்ணை எங்கே வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஆளுக்கு ஒரு வழியில் சமாளித்தார்கள். செகா நிறுவனம் 1992-லேயே ஆர்கேடுக்கு விட்ட 'விர்ச்சுவா ரேஸிங்'கில் நான்கு பட்டன்களை வைத்தது. காருக்குள்ளிருந்து, பின்னாலிருந்து, உயரத்திலிருந்து என எப்படிப் பார்ப்பது என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சாலையில் நேராக ஓடும் காருக்கு அது போதுமானதாக இருந்தது. 1996 மார்ச்சில் வந்த கேப்காமின் 'ரெசிடென்ட் ஈவில்' வேறு வழி பிடித்தது. பங்களாவின் ஒவ்வோர் அறையையும் முன்கூட்டியே வரைந்த படமாக வைத்து, கேமராவை மூலையில் அசையாமல் மாட்டிவிட்டது. ஆள் நாலடி நடந்தால் காட்சி சட்டென்று வேறு கோணத்துக்கு வெட்டும். கோணம் மாறும்போதெல்லாம் திசையும் மாறினால் ஆடுபவர் குழம்பிவிடுவார் அல்லவா? அதனால் 'மேலே' என்றால் எப்போதும் நாயகனின் முகம் இருக்கும் திசை, இடது வலது என்றால் நின்ற இடத்திலேயே திரும்புதல் என்று வைத்தார்கள். ராணுவ டாங்கியை ஓட்டுவது போல இருந்ததால் ரசிகர்கள் அதற்கு 'டாங்க் கன்ட்ரோல்' என்றே பெயர் வைத்தார்கள். பிணம் எழுந்து வரும்போது அவசரத்தில் திரும்ப முடியாமல் தவிப்பது பேய்க் கதைக்குப் பொருந்தித்தான் போயிற்று.

இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருந்த கோர் டிசைன் அதே ஆண்டு கடைசியில் 'டோம்ப் ரைடர்' கொண்டுவந்தது. லாரா கிராஃப்டின் உலகம் முழுக்கச் சதுரக் கட்டங்களால் ஆனது. ஓடித் தாண்ட வேண்டுமா? விளிம்பு வரை நடந்து போய், ஒரு கட்டம் பின்னால் குதித்து, பிறகு ஓடிவந்து குதிக்க வேண்டும். ஒருமுறை இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் தப்பே நடக்காது. ஆனால் அது கணக்கு, ஓட்டம் அல்ல. அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனத்தின் 'க்ராஷ் பாண்டிகூட்' கேமராவுக்குச் சுதந்திரமே தரவில்லை. குறுகலான காட்டுப் பாதை, நேர் ஓட்டம். ஆடுபவர் கேம் முழுக்க நாயகனின் முதுகையும் பின்பக்கத்தையும்தானே பார்க்கப்போகிறார் என்று அதை உருவாக்கியவர்களே ஆரம்பத்தில் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டார்கள். இத் சாஃப்ட்வேரின் 'குவேக்' கேள்வியையே தவிர்த்துவிட்டது. கேமரா நாயகனின் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. திருப்புவதற்குக் கணினியின் மவுஸ் இருக்கிறது. வேலை முடிந்தது.

குவேக் இணையத்தில் வெளியானது 1996 ஜூன் 22. மறுநாள், ஜூன் 23-ம் தேதி, ஜப்பானில் 'நிண்டெண்டோ 64' கன்சோலும் அதனுடன் 'சூப்பர் மாரியோ 64'-ம் விற்பனைக்கு வந்தன. முப்பரிமாண உலகில் எப்படி நடமாடுவது என்பதற்கு இன்றுவரை புழக்கத்தில் இருக்கும் இரண்டு பதில்கள், ஒரே வார இறுதியில், உலகின் இரண்டு கோடிகளில். திட்டமிட்டிருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

மாரியோ 64-ஐ இயக்கியவர் ஷிகேரு மியாமோட்டோ. உதவி இயக்குநர்களில் ஒருவர் யோஷியாகி கொய்ஸுமி. ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு நிண்டெண்டோவுக்கு வந்தவர். இவருடைய பெயரை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வருகிறார். குழு சிறியது, சுமார் இருபது பேர்கூடத் தேறாது. அவர்கள் முதலில் கோட்டையும் கட்டவில்லை, எதிரிகளையும் வரையவில்லை. கட்டைகளை அடுக்கியது போன்ற ஒரு வெற்று அறையைச் செய்து, அதில் மாரியோவை ஓடவிட்டார்கள். கூட ஒரு முயல். அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கன்சோலின் ப்ராசஸர் வகையான 'மிப்ஸ்' என்பதே முயலுக்கும் பெயராயிற்று. ஓடுவதும் திரும்புவதும் வழுக்குவதும் சுகமாக இருக்கும்வரை அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. முடிவில் முயலைத் தூக்கி எறிய மனம் வரவில்லை போலும். கோட்டையின் நிலவறையில் மஞ்சள் நிறத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிடித்துக் கொடுத்தால் ஒரு நட்சத்திரம் தரும்.

அந்த அறையில் கிடைத்ததுதான் விடை. 'மேலே' என்றால் கேமரா பார்க்கும் திசை. 'வலம்' என்றால் திரையின் வலம். மாரியோவின் முகம் எங்கே இருந்தால் என்ன, கையை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் ஓடுவார். இதை நான்கு பட்டன்களால் செய்ய முடியாது. எட்டுத் திசைக்கு மேல் போகாது. ஆகவே கன்ட்ரோலரின் நடுவில் ஒரு குட்டிக் குச்சி முளைத்தது. அதன் அடியில் பல்லிட்ட இரண்டு சக்கரங்கள் சுழலும். ஊடாகப் பாயும் ஒளி எத்தனை முறை வெட்டுப்படுகிறது என்பதை எண்ணி, குச்சி எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்தது என்று கன்சோல் தெரிந்துகொள்ளும். அக்காலத்து உருண்டை வைத்த மவுஸின் அதே ஏற்பாடு. நாள்பட ஆடினால் பிளாஸ்டிக் தேய்ந்து குச்சி தொளதொளவென்று ஆகிவிடும் என்பது தனிக்கதை. 'மாரியோ பார்ட்டி' என்ற கேமில் குச்சியை வேகமாகச் சுழற்றச் சொன்னதால் பிள்ளைகளுக்கு உள்ளங்கை கொப்பளித்து, 2000-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டு, நிண்டெண்டோ இலவசக் கையுறை தர ஒப்புக்கொண்டது வரை போயிற்று.

குச்சியின் அருமையைக் காட்ட ஓர் இடம் சொல்கிறேன். இரண்டாவது லெவலில், கல் கோட்டையின் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிரான்யா செடி தூங்கிக்கொண்டிருக்கும். தாலாட்டு மெட்டு ஒன்று மெல்லக் கேட்கும். குச்சியை முழுக்கச் சாய்த்து ஓடினால் காலடிச் சத்தத்தில் விழித்துக் கடிக்கும். நூலளவு சாய்த்தால் மாரியோ நுனிக்காலில் பதுங்கிப் பதுங்கிப் போவார், செடி விழிக்காது. அங்கே பலகை வைத்துப் பாடம் நடத்தவில்லை. 'மெதுவாகப் போ' என்பதை ஆடுபவரின் விரலே கண்டுபிடித்துவிடுகிறது. அதற்கு முன்பு பட்டன் என்றால் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான்.

இனி கேமரா. இதில் மியாமோட்டோ குழு செய்தது கொஞ்சம் குறும்பான வேலை. கேமரா என்ற ஒன்று இருக்கிறது என்பதே அன்றைய ஆடுபவர்களுக்குப் புதிது. 'மஞ்சள் பட்டன்களை அழுத்தினால் பார்வைக்கோணம் மாறும்' என்று கையேட்டில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? ஆகவே அதற்கு ஓர் ஆளையே போட்டார்கள். பழைய மாரியோவில் மேகத்தில் மிதந்துகொண்டு தலையில் முள் பந்துகளை எறிந்த லகிட்டுவுக்கு இங்கே வேலை மாற்றம். கையில் தூண்டில், தூண்டிலின் நுனியில் கேமரா தொங்குகிறது. கோட்டைப் பாலத்தில் ஏறப்போகும்போது அவரே வந்து அறிமுகம் செய்துகொண்டு, மாரியோவின் சாகசத்தைப் படம்பிடிக்க வந்திருப்பதாகச் சொல்லி, எந்த பட்டன் என்ன செய்யும் என்று விளக்கிவிட்டுப் போகிறார். அதன்பிறகு அவரை மறந்துவிடுவோம். மாடியில் கண்ணாடி பதித்த ஓர் அறைக்குள் போகும்போது, மாரியோவின் பிம்பத்துக்குப் பின்னால், மேகத்தில் உட்கார்ந்து தூண்டிலைப் பிடித்தபடி அவரும் தெரிவார். திரையின் இந்தப் பக்கம் இருந்து பார்ப்பது இவர்தான் என்று அப்போது உறைக்கும். இந்த ஓர் இடத்துக்காகவே இந்த கேமை வரலாற்றில் வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கோட்டைக்கு வெளியே உள்ள தோட்டத்தையும் சொல்ல வேண்டும். அங்கே எதிரி ஒருவர்கூடக் கிடையாது. மரம், அகழி, புல்வெளி. உள்ளே போகும் அவசரமும் இல்லை. பல பேர் முதல் நாளை இங்கேயே கழித்தார்கள். மரத்தில் ஏறித் தலைகீழாக நின்று பார்ப்பது, மூன்று முறை தொடர்ந்து எம்பி உயரம் பார்ப்பது, அகழியில் முங்குவது. முயல் அறையின் குணம் இந்தத் தோட்டத்தில் அப்படியே தங்கியிருக்கிறது.

ஆழத்தைக் கணிப்பதற்கும் ஒரு தந்திரம் வைத்தார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மாரியோவின் நிழல் அவருக்கு நேர் கீழேதான் விழும். இயற்பியல் படி இது தவறு. ஆனால் குதித்து அந்தரத்தில் இருக்கும்போது அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்துத்தான் எங்கே இறங்கப்போகிறோம் என்பது தெரியும். இன்றைக்கு ஒளியை ஒவ்வொரு கதிராகக் கணக்கிடும் கேம்களில்கூட, குதிக்கும் ஆட்டம் என்றால் இந்தப் பொய் நிழலைத் திருட்டுத்தனமாக வைத்திருப்பார்கள். கவனித்துப் பாருங்கள்.

குறைகளும் இருந்தன. மூலை முடுக்குகளில் கேமரா சுவரில் போய் மாட்டிக்கொள்ளும். திருப்பப் பார்த்தால் முடியாது என்று 'டொர்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எரிச்சலடையாதவர் அன்று யாரும் இருந்திருக்க முடியாது. பழைய கேம் என்பதற்காக அதையும் சேர்த்துக் கொண்டாட வேண்டியதில்லை. இன்னொரு தொல்லை, வெறும் அறிவிப்புப் பலகையைப் படிப்பது. பலகைக்கு நேர் எதிரே போய் நின்று பட்டனை அழுத்த வேண்டும். மாரியோவோ வட்டமடிப்பார், தாண்டிப் போவார், பலகையைக் குத்துவார். ஓடுவதற்குச் சுகமான அதே விடுதலை, ஒரு பொருளின் எதிரே ஒழுங்காக நிற்பதற்கு இடைஞ்சலாக இருந்தது. நட்சத்திரம் பொறுக்கும் கேமில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாள் வீசும் கேமில் முடியாது.

அந்த வாள் கேம்தான் அடுத்து நிண்டெண்டோவின் கையில் இருந்தது: 'செல்டா: ஒகாரினா ஆஃப் டைம்'. மாரியோ 64-க்காக எழுதிய நிரலையே திருத்தி எடுத்துக்கொண்டு தொடங்கினார்கள். முதல் யோசனைகளில் ஒன்று, கதை முழுவதையும் மாரியோவைப் போலவே ஒரே கோட்டைக்குள் வைப்பது. நல்லவேளையாக அது கைவிடப்பட்டது. கொய்ஸுமி இங்கேயும் வந்தார். இந்த முறை இயக்குநர்களில் ஒருவராக. பலகையின் எதிரே நிற்கத் தெரியாத நாயகன், நகர்ந்துகொண்டே இருக்கும் எதிரியை எப்படி வெட்டுவான்? நாயகனான லிங்க் வாளை வீசும்போது எதிரி பக்கத்துக்கு ஒதுங்கிவிட்டால் காற்றைத்தான் வெட்ட வேண்டும். திரும்பிப் பார்ப்பதற்குள் கேமரா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

விடை கிடைத்த கதையை அவர்களே 2011-ல், நிண்டெண்டோவின் அப்போதைய தலைவர் சதோரு இவாட்டாவிடம் சொல்லியிருக்கிறார்கள். நிண்டெண்டோவின் ஊரான கியோட்டோவிலேயே, உசுமாசா என்ற இடத்தில் டோயெய் சினிமா கம்பெனியின் ஸ்டூடியோ பூங்கா இருக்கிறது. பழங்கால ஜப்பானியத் தெருக்களின் செட்டுகள் நிரந்தரமாக நிற்கும் இடம். கொய்ஸுமியும் கதை எழுதிய டோரு ஓசாவாவும் இன்னொரு சகாவும் அங்கே போனார்கள். கோடைக்காலம், வெயில் தாங்கவில்லை. கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்குமே என்று ஒரு கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். மேடையில் நிஞ்ஜா சண்டை. நாயகனான சாமுராயை நிஞ்ஜாக்கள் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள். ஒரு நிஞ்ஜா தன் குசரிகாமாவை, அதாவது அரிவாளில் சங்கிலி கோத்த ஆயுதத்தை, வீசுகிறார். சாமுராய் அதை இடது கையில் வாங்கிக்கொள்கிறார். இருவருக்கும் நடுவே சங்கிலி விறைத்து நிற்கிறது. நிஞ்ஜா அதை விடாமல் பிடித்தபடி சாமுராயைச் சுற்றி வட்டமாக நகர்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத அந்தச் சங்கிலிதான் இசட் பட்டன். கன்ட்ரோலரின் அடிப்பக்கம், துப்பாக்கி விசை போல ஆள்காட்டி விரலுக்குக் கிடைக்கும். அதை அழுத்தியதும் லிங்க் ஓர் எதிரியோடு பிணைக்கப்படுவான். இனிக் குச்சியை இடமும் வலமும் சாய்த்தால் எதிரியைச் சுற்றி வட்டமடிப்பான். முகம் திரும்பாது, கேடயம் விலகாது. பின்னால் சாய்த்துக் குதித்தால் கரணமடித்துப் பின்வாங்குவான். திரையின் மேலும் கீழும் சினிமாவைப் போலக் கறுப்புப் பட்டைகள் இறங்கும். லிங்கின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரியும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி கேமரா தானாகப் போய் நிற்கும். சினிமாக்காரர்கள் 'ஓவர் த ஷோல்டர்' என்று சொல்லும் அதே கோணம். சினிமா படித்த ஒருவர் இந்தக் குழுவில் இருந்தது தற்செயலா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதே மேடையில் கொய்ஸுமி இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டாலும் நாயகன் ஜெயிப்பது எப்படி? ஒருவன் பாயும்போது மற்றவர்கள் கத்தியை ஓங்கியபடி நின்ற இடத்தில் நிற்கிறார்கள். அவன் விழுந்த பிறகுதான் அடுத்தவன் வருகிறான். நம் சண்டைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதையும் நிரலில் எழுதினார்கள். ஓர் எதிரியோடு பிணைந்துவிட்டால், சுற்றியுள்ள மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கும்படி ரகசிய உத்தரவு போகும். ஆடுபவருக்கு அது தெரியாது. தன் திறமையால் சமாளித்துவிட்டதாகவே நினைப்பார்.

பிணைப்பு யாரோடு என்பதைக் காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. வெறும் முக்கோணக் குறியை மிதக்கவிட கொய்ஸுமிக்கு மனமில்லை. சிறகுள்ள ஒளிப்புள்ளியாக, ஒரு தேவதையாக மாற்றினார். வழிகாட்டும் 'நேவிகேஷ'னிலிருந்து எடுத்து 'நவி' என்று பெயர் வைத்தார்கள். எதிரி என்றால் அவள் மஞ்சளாவாள், பேசக்கூடிய ஆள் என்றால் நீலம். பலகைத் தொல்லையும் இதோடு தீர்ந்தது. எதையும் எதிரே வைத்துப் பேசலாம், படிக்கலாம். லகிட்டுவைப் போலவே இவளும் ஒரு தொழில்நுட்பத் தேவைக்காகப் பிறந்தவள். ஆனால் இவளுக்குக் கதையில் பங்கு கிடைத்தது; குரலும் கிடைத்தது. அடிக்கொரு தரம் 'ஹே! லிசன்!' என்று கூப்பிட்டு உயிரை வாங்கியதற்காகவும் ரசிகர்கள் அவளை மறக்கவில்லை.

ஒகாரினா 1998 நவம்பர் 21-ம் தேதி ஜப்பானில் வெளிவந்தது. ஜப்பானின் 'ஃபாமிட்ஸு' இதழ் 40-க்கு 40 மதிப்பெண் கொடுத்தது. அந்த இதழ் முழு மதிப்பெண் கொடுத்த முதல் கேம் இதுதான். இவ்வளவுக்கும் விநாடிக்கு 20 படங்கள்தான் ஓடும், சினிமாவின் 24-ஐவிடக் குறைவு. கேட்ரிட்ஜின் கொள்ளளவு 32 எம்.பி. நிண்டெண்டோவை விட்டு சோனி பக்கம் போன ஸ்கொயர் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' முந்தைய ஆண்டே மூன்று சி.டி.க்களில் வந்திருந்தது. ஒவ்வொரு சி.டி.யிலும் ஏறக்குறைய 650 எம்.பி. இடம், சினிமா போன்ற காட்சிகளால் நிரம்பியது. அதன் கதைக்கு நானும் அடிமைதான். ஆனால் அதன் படங்களின் பிரமிப்பு நான்கைந்து வருடத்தில் வடிந்துவிட்டது. இசட் பட்டனின் ஏற்பாடு 'டார்க் சோல்ஸ்' வரைக்கும், அதன் வழியில் வந்த அத்தனை வாள் கேம்கள் வரைக்கும் அப்படியே புழங்குகிறது.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. கேமராவை ஆடுபவரே, ஓடிக்கொண்டிருக்கும்போதே, தன் இஷ்டத்துக்குத் திருப்ப வேண்டும் என்றால்? அதற்கு இரண்டாவது குச்சி வேண்டும். நிண்டெண்டோ கன்ட்ரோலரில் அது இல்லை. ஆனால் 1997-ல் வந்த 'கோல்டன்ஐ 007'-இல் ஒரு விசித்திரமான வசதி இருந்தது. ஒரே ஆள் இரண்டு கன்ட்ரோலர்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒரு குச்சியால் நடந்து இன்னொன்றால் பார்க்கலாம். பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போகவில்லை. அதே ஆண்டு சோனி இரண்டு குச்சிகள் வைத்த டூயல்ஷாக்கைக் கொண்டுவந்தது. ஆனால் வலது குச்சியை என்ன செய்வது என்று தெரியாமல் பல கேம்கள் அதைச் சும்மா விட்டுவைத்தன. 1999-ன் 'ஏப் எஸ்கேப்' அதைக் குரங்கு பிடிக்கும் வலையை வீசப் பயன்படுத்தியது.

இடது குச்சியால் நடை, வலது குச்சியால் பார்வை என்ற இன்றைய ஏற்பாட்டை 2000-ல் 'ஏலியன் ரெசரக்ஷன்' பிளேஸ்டேஷனில் துணிந்து வைத்தபோது, கேம்ஸ்பாட் தளத்தின் விமர்சகர் கேமில் வரும் ஏலியனைவிட இந்தக் குச்சி ஏற்பாடுதான் பயங்கரம் என்ற தொனியில் எழுதிக் கிழித்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2001 நவம்பரில், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸோடு 'ஹேலோ' வந்தது. அதிலும் இதே ஏற்பாடு. இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை.

இதில் வேடிக்கை, ஹேலோவை முதன்முதலில் மேடையேற்றி அறிமுகப்படுத்தியவர் பில் கேட்ஸ் அல்ல. 1999-ல் ஆப்பிளின் மேக் கணினிக்கான கேமாக அதை உலகுக்குக் காட்டியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதைக் கம்பெனியோடு சேர்த்து வாங்கியது எப்படி என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)